மூன்று படி கீழே

என் அத்தான் எங்கள் சபையில் பத்தொன்பது வருடமாக ஆராதனை நடத்துகிறார். பக்கத்தில் நான் கீபோர்டு வாசிக்கிறேன். அக்கா பின்னால் பாடற்குழுவில் நிற்கிறாள். மொத்தக் குடும்பமும் மேடையில் இருப்பதால், வீட்டில் சண்டை நடந்த வாரங்களில் பாட்டு சற்று வேகமாகப் போகும்.

போன வருடம் அத்தானுக்குத் தொண்டை கட்டியது. சளி போனது, கட்டு போகவில்லை. கடைசிச் சரணத்தில் உச்சத்துக்குப் போகவேண்டிய இடத்தில் வாயைத் திறந்து கையை உயர்த்திவிடுவார். சபை பாடிவிடும். பரவசம் என்று நினைத்துக்கொண்டார்கள். மருத்துவர் வயது என்றார். பாடாத அத்தானை எங்களில் யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது.

அக்கா நாற்பது நாள் காலைச் சாப்பாட்டை விட்டு ஜெபம் செய்வதென்று தீர்மானித்தாள்.

அதில் பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கீபோர்டில் ஒரு பட்டன் உண்டு. அமுக்கினால், விரல்கள் அதே கட்டைகளில் இருக்க, ஒலி மட்டும் அரைச் சுருதி இறங்கும். பார்ப்பவருக்கு எதுவும் மாறியிருக்காது. அன்று ஒருமுறை அமுக்கினேன். அத்தான் உச்சத்தைக் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டார். இரண்டு வாரம் கழித்து இரண்டு முறை. உபவாசம் முடிந்த வாரம் மூன்று முறை. அன்று மேலே போனவர் அங்கேயே நின்றார். அக்கா அழுதது மைக்கில் கேட்டது.

எட்டாதவனுக்கு முக்காலி போடுகிறோம் என்றுதான் நினைத்திருந்தேன். முக்காலியை யாராவது அற்புதம் என்பார்கள் என்று நினைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு சபை முன்னால் சாட்சி சொல்லப்போவதாக அக்கா போதகரிடம் சொல்லிவிட்டாள். உண்மையைச் சொல்லிவிட இரண்டு முறை அவள் வீட்டுக்குப் போனேன். முதல் முறை சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து சாட்சியை எழுதிக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இரண்டாம் முறை அதை என்னிடமே வாசித்துக் காட்டினாள்.

“எப்படிடா இருக்கு?”

கொஞ்சம் நீளம் என்றேன்.

ஞாயிறு வந்தது. மைக் வயர் குட்டை. அக்கா என் கீபோர்டை ஒட்டி நின்று வாசித்தாள். எதையும் குறைத்திருக்கவில்லை. முடித்துவிட்டு, கர்த்தர் சுகம் தந்த தொண்டையால் இப்போது அவர் பாடுவார் என்றாள். அத்தான் முன்னால் வந்தார்.

போதகர் நெற்றியைத் துடைப்பதைக் காற்றாடி அண்ணன் பார்த்துவிட்டார். சபையின் மின்விசிறிகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. ஓடிப்போய் ஒரு சுவிட்சைத் தட்டினார். அது விசிறி சுவிட்ச் இல்லை. மேடை மொத்தமும் அணைந்தது. பதறி மறுபடி தட்டினார், எல்லாம் வந்தது. ஆனால் என் கீபோர்டு அணைந்தால் எல்லாவற்றையும் மறந்துவிடும் சாதி. காலையில் இறக்கி வைத்திருந்த மூன்றும் போய், திரையில் பூஜ்யம் என்று காட்டியது.

பட்டன்மேல் விரலை வைத்தேன். அமுக்கினால் பொய். அமுக்காவிட்டால் அக்காவின் நாற்பது நாளும் கடைசிச் சரணத்தில், இருநூறு பேர் முன்னால், உடையும். விரல் அங்கேயே இருந்தது. அத்தானும் தொடங்கவில்லை. யாரோ ஸ்தோத்திரம் என்றார்கள். பிறகு அதுவும் அடங்கியது. அவ்வளவு பெரிய மௌனம் எங்கள் சபையில் அதற்குமுன் இருந்ததில்லை. ஆழ்ந்த ஜெபம் என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

அத்தான் மைக்கைக் கையால் பொத்தினார். என் பக்கம் லேசாகச் சாய்ந்தார்.

“மூணு, மச்சான்.”

மூன்று முறை அமுக்கினேன். பாடினார். கடைசிச் சரணத்தில் மேலே போய் நின்றார். பாடற்குழுவுக்குத் திரும்பாமல் அக்கா என் பக்கத்திலேயே நின்றாள். கையிலிருந்த தாளை மடித்தாள். மடித்ததை மறுபடி மடித்தாள். நகமளவு ஆனதும் கைக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டாம் சரணத்திலிருந்து அவளும் பாடினாள்.

திரும்பும்போது அத்தான் கார் ஓட்டினார். அக்கா அவர் பக்கத்தில். நான் பின்சீட்டில், மடியில் கீபோர்டு. மூன்று சிக்னல் தாண்டினோம். நான்காவதில் சிவப்பு விழுந்தது.

“அந்தப் பட்டன் எதுவரைக்கும் போகும்?” என்றாள் அக்கா, திரும்பாமல்.

“பன்னெண்டு வரைக்கும், அக்கா. இன்னும் ஒம்பது இருக்கு.”

கண்ணாடியில் அத்தானின் கண் சாலையைவிட்டு நகரவில்லை. பச்சை விழுந்தது.

“மெதுவா அமுக்கு” என்றாள்.