பதினெட்டு

குழந்தையின் அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு எழுந்தபோது பகல் மணி பன்னிரண்டு. "நாங்க கிளம்பறோம் சிஸ்டர். இழுப்பு நின்னுடுச்சு. பாருங்க, எப்படித் தூங்கறான்."

அவசரப் பிரிவின் வாசலில் மேசை போட்டு, யார் முதலில் உள்ளே போவது என்று பிரிக்கிறவள் நர்ஸ். நேற்று மதியம் வேலைக்கு வந்தவள். மாற்று ஆள் வரவில்லை. கால் இரண்டும் யாருடையதோ மாதிரி மரத்திருந்தன. அவள் முதுகுக்குப் பின்னால் சுவரில் ஓர் அட்டை: பெரியவருக்கு நிமிடத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபது மூச்சு, இரண்டு வயதுக்கு இருபத்துநாலு முதல் நாற்பது. காலையில் ஆக்சிஜனோடு ஒரே ஒரு படுக்கைதான் காலியாக இருந்தது. இந்த இரண்டு வயதுப் பையனுக்கு ஐம்பத்திரண்டு. பின்னாலேயே வந்த கிழவருக்கு முப்பத்துநாலு. இரண்டுமே கூடுதல்தான். பையன் வீறிட்டு அழுதுகொண்டிருந்தான். அழுகிற பிள்ளைக்கு மூச்சு ஏறத்தான் செய்யும் என்று படுக்கையைக் கிழவருக்குக் கொடுத்தாள். "உக்காரும்மா, கூப்பிடறேன்." அப்புறம் வரிசை அவளை விழுங்கிவிட்டது.

'சரி, போ' என்று வாய்வரை வந்துவிட்டது. ஓர் ஆள் குறைந்தால் குறைந்ததுதானே. ஆனாலும் கை பழக்கத்தில் சட்டையைத் தூக்கியது. கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிடம் எண்ணினாள். பதினெட்டு. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழி விழுந்தது. உதட்டில் சாம்பல் நிறம்.

பதினெட்டு அவளுக்கென்றால் நல்ல எண். இவனுக்கு அப்படியில்லை. பாதி வழியில் மூட்டையைக் கீழே போடுகிறவன் மாதிரி, இழுத்து இழுத்துச் சலித்து விட்டுவிடப் பார்க்கிறான்.

"தூங்கலம்மா. ஓய்ஞ்சுட்டான்." பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

கிழவரின் மகன் குறுக்கே நின்றான். மூட்டை தூக்கித் தோள் காய்த்துப்போன ஆள். "எங்கப்பாவ எறக்கி விடுவியா? அது உன் சொந்தக்காரப் புள்ளையா?"

கிழவர் மூக்கிலிருந்த குழாயைத் தானே கழற்றினார். "நகர்றா டேய். முப்பது வருசம் கல்லு ஒடைச்ச நெஞ்சு. என்னைக்குடா நான் மெதுவா மூச்சு விட்டிருக்கேன்? காலு வீங்குதேன்னு வந்தோம். இந்தம்மா எதுவும் கேக்கல, படுன்னுச்சு, படுத்தேன். மெத்தை சொகமாத்தான் இருந்துச்சு."

அட்டையில் கல் உடைத்தவருக்கு வரி இல்லை. அவளும் கேட்கவில்லை. கேட்க ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.

டாக்டர் பையனை வாங்கிப் படுக்கையில் கிடத்தித் திரையை இழுத்தார். அம்மா செருப்போடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான் வீட்டுக்குக் கெளம்பிட்டேனே," என்று சுவரிடம் சொன்னாள்.

கிழவரை இரும்பு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். வீங்கிய கணுக்காலில் நர்ஸ் விரலை அழுத்தி எடுத்தாள். பள்ளம் அப்படியே நின்றது. இது வெறும் பழைய நெஞ்சு இல்லை, இதயம் தளர்ந்து நீர் கோத்திருக்கிறது என்று தெரிந்தது. நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்தாள். மூச்சை எண்ணுகிறோம் என்று தெரிந்தால் ஆட்கள் மூச்சை மாற்றிவிடுவார்கள்.

"கை இங்க இருக்கு, கண்ணு சட்டையில இருக்கு," என்றார் கிழவர். "எத்தனை வந்தா அந்தப் புள்ளைய எறக்க மாட்டீங்க?"

"ஐயா, சும்மா எப்பவும்போல விடுங்க."

"அப்படித்தான் விடறேன்."

திரைக்குப் பின்னால் டாக்டர் காற்றுப்பையை அமுக்கிப் பையனுக்கு மூச்சு கொடுத்தார்; உஸ்ஸென்று ஒரு சத்தம், இடைவெளி, மறுபடி ஒரு சத்தம். கிழவர் வாயை இறுக மூடிக்கொண்டார். கழுத்து நரம்பு கயிறாகப் புடைக்க, அந்தச் சத்தம் வரும்வரை மூச்சை அடக்கி, அதனோடு சேர்ந்தே வெளியே விட்டார். மறுபடி அடக்கினார்.