ஜோவிதாவுக்கு எந்தக் கட்டம்?

1

தாம்பரம் சுற்றுவட்டார வாசகப் பெருமக்களுக்கு ஓர் அதிமுக்கிய அறிவிப்பு: ஆட்டிசத்தின் வகைகள் இறுதியாக வரையறுக்கப்பட்டுவிட்டன. வரையறுத்தவர் அஸ்தினாபுரத்தில் ஒரு தனியார் பள்ளியின் தாளாளர், திரு. அரிகிருஷ்ணன். வகைகள் இரண்டு. பள்ளிக்குக் கோப்பை வாங்கித் தருவது, தராதது.

இந்தக் கதை அவர் அறையில்தான் பிறந்தது. பக்கத்து வீட்டு ஈவ்லின் துணைக்குக் கூப்பிட்டாள், போனேன். அவள் மகள் ஜோவிதாவுக்கு ஏழு வயது. இரண்டாம் வகுப்பில் ஓர் இடம் வேண்டும். இது நான்காவது பள்ளி.

2

முதல் தொடக்கம்: "ஜோவிதா தனக்கென ஓர் உலகில்..." (அடித்துவிட்டேன். அவள் உலகமும் குரோம்பேட்டைதான், அதே கொசு.)

இரண்டாவது: "மின்சார ரயில் அட்டவணையை மனப்பாடமாக ஒப்பிக்கும்..." (பொய். கதைக்குக் கவர்ச்சியாக இருக்கட்டும் என்று நான் ஒட்டவைத்தது. அவள் பேசுவது ஏழெட்டுச் சொற்கள். மின்விசிறி சத்தத்துக்குக் காதைப் பொத்துவாள். தண்ணீர் வேண்டுமென்றால் டம்ளர் படம் போட்ட அட்டையைக் காட்டுவாள்.)

3

விண்ணப்பத்தில் மூன்று கட்டங்கள்: அஸ்பெர்கர், லேசானது, கடுமையானது.

"அஸ்பெர்கர்னா ஓகே மேடம். அவங்கல்லாம் ஜீனியஸ், காம்பெடிஷனுக்கு அனுப்பலாம். மத்த டைப்னா ஸ்பெஷல் ஸ்கூல் பாருங்க."

"இப்போ அப்படித் தனித்தனியா பேர் வெக்கிறதில்ல சார். எல்லாம் ஒரே ஸ்பெக்ட்ரம். எவ்ளோ உதவி தேவைன்னு பாத்து ஒண்ணுலேர்ந்து மூணு வரைக்கும் லெவல் போடுவாங்க.* இவளுக்கு லெவல் டூ," என்றாள் ஈவ்லின்.

"டாக்டர்கிட்ட சொல்லி ஒண்ணுன்னு மாத்திட்டு வாங்களேன். ஒரு நம்பர்தானே!"

[இங்கே கதைசொல்லி மேசையைத் தட்டி எழுந்து முழங்க வேண்டும். மூன்று வரைவுகளிலும் முழங்கினேன். நேரில், அவர் வரவழைத்த காபியை ஆற்றிக் குடித்துக்கொண்டிருந்தேன்.]

* சரளமாகப் பேசும் பிள்ளை பள்ளி மணியோசையில் உடைந்து போகலாம். பேசாத பிள்ளைக்கு நம் பேச்சு முழுக்கப் புரியலாம். எந்த எண்ணும் பிள்ளையை வெளியே நிறுத்தப் போட்டதில்லை.

4

முடிவு அ: தாளாளர் மனம் திருந்துகிறார். (அவரைச் சந்திக்காதவர்களுக்கு.)

முடிவு ஆ: ஜோவிதா திடீரென்று கீபோர்டு வாசிக்க, அறையே அழுகிறது. (இதை எழுதுகிறவனை உதைக்க வேண்டும்.)

முடிவு இ: ஈவ்லின் அஸ்பெர்கர் கட்டத்தில் டிக் அடிக்கிறாள். இந்த யோசனையை அன்று அந்த அறையில் நானே அவள் காதில் கிசுகிசுத்தேன்.

"பொய் சொல்லிச் சேத்துட்டு, அப்புறம் அவளுக்கு வேண்டிய உதவிய யார்கிட்டண்ணா போய்க் கேப்பேன்?" என்றாள். கட்டங்களைத் தொடாமல் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

பிடித்த முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூனில் பள்ளி திறந்தது. ஜோவிதா வீட்டில் இருக்கிறாள்.