எழுத்தாளரின் இடது கால் தள்ளிப்போன கதை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. எழுதுகிறவருக்கு இடது கெண்டைக்காலில் நீலநீலமாய்ப் புடைத்த நரம்புச் சுருட்டு. ஆப்பரேஷனுக்குக் கொடுத்த தேதியை ஆஸ்பத்திரி தள்ளிக்கொண்டே போனது. அவர்களைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடலாம் என்று உட்கார்ந்தார். முதல் வரி: ‘மனிதாபிமானம் செத்துப்போன ஒரு வெள்ளைக் கட்டடத்தில்...’

(கட்டடம் மஞ்சள். மனிதாபிமானத்தைப் பற்றி யாரிடமும் விசாரிக்கவில்லை. வரி அடிக்கப்பட்டது.)

2

அங்கே ரத்தக்குழாய் ஆப்பரேஷன் செய்ய ஒரே ஒரு டாக்டரம்மா. சுற்றுவட்டாரம் முழுவதற்கும் அவர்தான். கடைசியாகக் கிடைத்த தேதியில் எழுத்தாளருக்குப் பச்சை அங்கி மாட்டி, காலில் பேனாவால் கோடு போட்டு, தியேட்டர் வாசல்வரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். அப்போது ஒரு வெல்டரைத் தூக்கி வந்தார்கள். இரும்புத் தகடு சரிந்து அவர் தொடையில் ரத்தக்குழாய் அறுந்திருந்தது.

“முதலில் அவரைப் பாருங்கள் டாக்டர். என் கால் காத்திருக்கும்” என்று எழுத்தாளர் தழுதழுத்த குரலில்—

இந்த இடத்தில் அவர் மனைவி எட்டிப் பார்த்துப் படித்துவிட்டார்.

“இப்படி எப்பங்க சொன்னீங்க?”

“சொல்லத்தான் இருந்தேன். யாரும் கேக்கல.”

2 (மறுபடியும்)

யாரும் கேட்கவில்லை. வழியில் நிற்கும் சைக்கிளை ஒதுக்குவதுபோல ஸ்ட்ரெச்சரைச் சுவரோரம் ஒதுக்கினார்கள். வெறும் வயிற்றோடு, முதுகு திறந்த அங்கியோடு, தியாகியாகும் வாய்ப்பும் பறிபோய்க் கிடந்தார்.

வெல்டரின் மனைவி கணவரின் ஒற்றைச் செருப்பைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றாள். பச்சை அங்கியைப் பார்த்து ஆஸ்பத்திரி ஆள் என்று நினைத்தாளோ என்னவோ, இவரிடமே கேட்டாள்: “கால் இருக்குமாங்க?”

பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறவர் அங்கியை இழுத்துத் தன் காலை மூடிக்கொண்டார்.

3

(இங்கே புள்ளிவிவரம் இருந்தது. மனைவி கொட்டாவி விட்டதால் நீக்கப்பட்டது.)

வெல்டரின் கால் பிழைத்தது. சாயங்காலம் டாக்டரம்மா எழுத்தாளரின் கட்டிலோரம் உட்கார்ந்து பிஸ்கட் தின்றார். அன்றைக்கு அதுதான் அவருக்கு முதல் சாப்பாடு.

“மன்னிச்சுக்குங்க சார். இன்னைக்கும் நடக்கல.”

“இன்னொரு டாக்டரைப் போடச் சொல்லக்கூடாதா?”

“கேட்டாச்சு. மேலிடத்துல ‘மத்த ஊரைப் பாத்தா இங்க ஆப்பரேஷனே கம்மி, எதுக்கு ரெண்டு பேரு?’ங்கிறாங்க. ஒருத்தி எவ்வளவுதான் செய்ய முடியும்? நான் செய்ய முடியாம விட்டது எந்தக் கணக்குலயும் வராது. அதனால ஒருத்தரோட காலையே வெட்டி எடுத்துட்டா அது வேற டிபார்ட்மெண்ட் கணக்கு.”

பிஸ்கட் டப்பாவை மூடினார்.

“வேற ஊர்ல கூப்பிடுறாங்க. அங்க ஏற்கெனவே மூணு பேர் இருக்காங்க. நிம்மதியா தூங்கலாம். என் பொண்ணு என்னை ‘விருந்தாளி’ன்னு கூப்பிடுறா சார். நீங்க கதை எழுதுறவர்தானே, சொல்லுங்க. போகவா, இருக்கவா?”

4

ஒரு முடிவு: இருக்கிறார். ஊரே கைதட்டுகிறது. (தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்குகிறது. அவர் தூங்குவதில்லை.)

இன்னொன்று: போகிறார். மகள் கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். அடுத்த வாரம் இங்கே ஒரு ஸ்ட்ரெச்சரில்—

வேண்டாம்.

மூன்றாவது: இரண்டாவது டாக்டரைப் போடுகிறார்கள்.

“மாயாஜாலக் கதையா?” என்றார் மனைவி.

உண்மையில் எழுத்தாளர் அன்று சொன்ன பதில் இதுதான்: “அப்போ என் தேதி எப்போ டாக்டர்?”

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்து, மறுபடி இவர் முகத்தையே பார்த்தார். போகவா, இருக்கவா என்று அவர் நிஜமாகவே கேட்டிருக்கிறார்.

அவருக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நீங்கள் சொல்லுங்கள். அதற்குமுன் உங்கள் காலை ஒருதரம் நீட்டி மடக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.