இருட்டிலும் வேலை செய்த பாட்டில்

மஞ்சள் பொடியைப் போட்டு நீல விளக்கை அடித்தால் பென்சைல் ஆல்கஹால் என்ற திரவம் பென்சால்டிஹைடாக மாறும். பொடியை வடிகட்டி மறுபடியும் போடலாம். இதைச் சொல்லியே ஆய்வகம் பிழைப்பை ஓட்டிக்கொண்டிருந்தது. பொடியைச் சமைத்தவள் ஓர் ஆராய்ச்சி மாணவி. நூற்றுக்கு நாற்பத்தொன்று மாறியிருக்கிறது என்று கருவி சொன்னதும், அவளைச் சேர்த்துக்கொள்ளவே மூக்கைச் சுளித்த பேராசிரியர் ‘நம்ம பொடி’ என்று பேச ஆரம்பித்தார். கட்டுரை வெளியானால் பட்டம். இல்லையென்றால், பள்ளிக்கூடம் தாண்டாத வீட்டிலிருந்து வந்தவள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

வம்பை விலைக்கு வாங்கியதும் அவள்தான். பொடியே போடாமல், குடுவையை அலுமினியத் தாளில் சுற்றி, இருட்டில் வைத்துப் பார்த்தாள். ஒன்றுமே வரக்கூடாது; முப்பத்திரண்டு வந்தது.

தாளைப் பிரித்துப் பார்த்தாள். ஓட்டை இல்லை. ஆல்கஹால் பாட்டிலைத் திறந்ததும் பென்சால்டிஹைடின் கசப்புப் பாதாம் வாசனை குப்பென்று ஏறியது. மூடி பொருந்தாத அந்தப் பாட்டில், எந்தச் சீனியர் காலத்திலிருந்தோ ஜன்னலோரம் காற்று வாங்கிக்கொண்டு தன்பாட்டுக்கு ஆல்டிஹைடாகிக்கொண்டிருந்திருக்கிறது. உதவித்தொகை இல்லாமல், வழிகாட்டி இல்லாமல்.

“இருட்டுல செய்யச் சொல்லி உன்னை யாரு கேட்டா?” என்றார் பேராசிரியர்.

“யாராவது கேப்பாங்க சார்.”

“கேட்டா பாத்துக்கலாம். விளக்கு போட்டோம், வந்துச்சு. அவ்வளவுதான்.”

“வரல சார். முன்னாடியே உள்ள இருந்துச்சு.”

“ஏம்மா, உனக்குப் பட்டம் வேணுமா, வேணாமா?”

“வேணும் சார். ஆனா முக்கால்வாசி வேலை பாட்டில் செஞ்சிருக்கு. அதுக்கும் ஒண்ணு குடுத்துருங்க.”

அவர் முகம் பொடியைவிட மஞ்சளானது. அவள் புதுப் பாட்டிலைத் திறந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தாள். இருட்டில் சுத்தமாக ஒன்றுமில்லை. பொடியும் விளக்கும் சேர்ந்தபோது, ஒன்பது.

“ஒன்பதை வெச்சு நாக்கு வழிக்கவா?” என்று கேட்டுவிட்டு, அவர் கட்டுரையை மூடிவைத்தார்.

மாலையில் அம்மா போன் செய்தாள். “ஏண்டி, எவ்வளவு வந்துச்சு?”

“ஒன்பது.”

“போன வாரம் நாப்பத்தொண்ணுன்னியே?”

“அதுல பாதிக்கு மேல பாட்டில் எடுத்த மார்க்கும்மா. இது நான் எடுத்தது.”

“அப்ப பட்டம்?”

“ஒரு வருஷம் தள்ளிப்போச்சு. பொடியைத் திரும்பச் சமைக்கணும்.”



“நீ சமைச்சு எதுடி ஒரே தடவையில ஒழுங்கா வந்திருக்கு?” என்றாள் அம்மா. “போ, போய்ச் சமை.”