கழுகக்காவின் நெஞ்சுக்குள் ஒரு கட்டி

நாற்பது மீட்டர் உயரத்தில் கிரேன் ஓட்டும் அந்தப் பெண்ணைக் கட்டுமானத் தளத்தில் எல்லோரும் கழுகக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒருநாள் மேலே உட்கார்ந்திருந்தபோது திடீரென்று நெஞ்சு படபடவென்று அடித்தது. வியர்த்துக் கொட்டியது. தலை வெடித்துவிடும்போல் வலித்தது. பத்து நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. அந்த மாதத்தில் மட்டும் ஐந்து முறை அப்படி வந்தது.

முதலில் பார்த்த மருத்துவர், "உயரத்தைப் பார்த்து வர்ற பயம்" என்றார். மேலாளர் அவளைக் கீழே சாமான் அறைக்கு மாற்றிவிட்டார்.

"பயமா? எனக்கா?" என்று தம்பியிடம் பொரிந்து தள்ளினாள். "சோபால உட்கார்ந்து டீவி பார்க்கும்போதும்தான் வருது. சோபா என்னடா உயரம்?"

அவள் சொல்வது நியாயமாகத்தான் பட்டது தம்பிக்கு. பிரஷர் பார்க்கும் கருவி ஒன்றை வாங்கி, அடுத்த முறை படபடப்பு வந்ததும் அவள் கையில் சுற்றினான். இருநூற்று முப்பது! அரை மணி நேரம் கழித்து நூற்று இருபத்தைந்து. இரண்டையும் தாளில் எழுதிக்கொண்டு இதய மருத்துவரிடம் ஓடினார்கள்.

அவர் தாளைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஒருநாள் முழுவதும் சிறுநீரைக் கேனில் சேர்த்துத் தரச் சொன்னார். பிறகு ஸ்கேன். அடுத்த வாரம் திரையில் ஒரு வட்டத்தைக் காட்டினார்.

"இதயத்துலேர்ந்து கிளம்புற ரெண்டு பெரிய ரத்தக்குழாய்க்கு நடுவுல எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி இருக்கும்மா. ரத்தத்துல ஆக்ஸிஜன் குறையுதான்னு வேவு பார்க்கிற துளியூண்டு உறுப்பு அங்க உண்டு. அதுலதான் வளர்ந்திருக்கு. ரொம்ப அபூர்வம். பயந்தா உடம்புல என்ன ஊறுமோ, அதை இந்தக் கட்டி நினைச்ச நேரத்துல கொட்டுது."

அக்கா மேசையைத் தட்டினாள். "அப்போ பயந்தது நான் இல்ல! அந்தக் கட்டிதான்!"

இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவர மூன்று வாரம் மாத்திரை கொடுத்துவிட்டு, ஒரு காலையில் நெஞ்சைத் திறந்தார்கள். அறுவை மருத்துவரின் விரல் கட்டியில் பட்டதுதான் தாமதம்.

"இருநூத்தி நாப்பது! கையை எடுங்க!" மயக்க மருத்துவர் கத்தினார்.

மருந்து ஏறியது. எண் இறங்கியது. மறுபடி தொட்டார், மறுபடி ஏறியது. பெருந்தமனியின் சுவரோடு பிசின்போல் ஒட்டியிருந்த கட்டியை அவர் மயிரிழை மயிரிழையாகப் பிரித்தார். ஐந்து மணி நேரம். கட்டி கைக்கு வந்ததும் அழுத்தம் சடாரென்று அறுபதுக்கு விழுந்தது. மயக்க மருத்துவர் அழுத்தத்தை ஏற்றும் மருந்தைச் செலுத்தினார்.

"எழுபது... எண்பத்தஞ்சு... நூறு! நூத்திப்பத்து! நிக்குது!"

வெளியே வந்த அறுவை மருத்துவரின் முகமெல்லாம் சிரிப்பு. "முழுசா வந்துடுச்சுப்பா!" தம்பி பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒருவரைக் கட்டிப்பிடித்து அழுதான்.

இனி வருடத்துக்கு ஒரு முறை சோதனை செய்துகொள்ள வேண்டும். ஐந்தாவது மாதம், மார்பெலும்பு நன்றாகக் கூடிய பிறகு, அவள் மீண்டும் கிரேன் ஏணியில் நிதானமாக ஏறினாள். கீழே நின்றவர்கள் விசிலடித்தார்கள். வாக்கிடாக்கியில் அவள் குரல் வந்தது:

"விசில் போதும்ப்பா. கம்பிக்கட்டைக் கொக்கியில மாட்டுங்க, தூக்கணும்."