கைப்பழக்கத்தில் எழுதிய எண்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. எங்கள் வீட்டுத் தொலைபேசியைச் சரிபார்க்க வந்த லைன்மேன், திருகாணியை முடுக்கிக்கொண்டே பாதி சொல்லி நிறுத்தியது. மீதியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'நகரம் அசுர வேகத்தில் வளர்ந்து' — வேண்டாம். நகரமா அழுதது?

2

தொலைபேசிக்கு எழுதிக்கொடுத்துவிட்டு ஆறாயிரம் பேர் காத்திருந்தார்கள். அதனால் புதிய தொலைபேசி நிலையம் திறந்தார்கள். தையல்காரம்மாவின் தெரு அதற்கு மாறியது. அவள் எண்ணும் மாறியது. பழைய எண், வரிசையில் முதலில் நின்ற வாத்தியார் வீட்டுக்குப் போனது. எண்ணை மாற்ற வந்த லைன்மேனிடம் அவள் சொன்னாள்:

"எம் பையன் கோவிச்சுக்கிட்டுப் போயி மூணு வருஷமாச்சு தம்பி. உயிரோட இருக்கானான்னுகூடத் தெரியல. அவனுக்கு அந்தப் பழைய நம்பர் மட்டும்தான் தெரியும்."

"கவலைப்படாதீங்கம்மா. வாத்தியார் வீட்ல நானே சொல்லி வைக்கிறேன்."*

(* இதற்கு விதிப்புத்தகத்தில் இடமில்லை. அவன் தேடவுமில்லை.)

3

ஒன்பது வருடம் காத்திருந்து வந்த கருவியை வாத்தியார் மனைவி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "எல்லாம் சரி, யாருக்குப் பேசறது? நமக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தர்கிட்டயும் ஃபோன் இல்லையே!"

லைன்மேன் சிரித்துக்கொண்டே ஒரு தாளில் தையல்காரம்மாவின் எண்ணை எழுதிக் கருவிக்கு அடியில் வைத்தான். "ஒரு பையன் அம்மாவைக் கேட்டுக் கூப்பிட்டா, இதைப் படிச்சுச் சொல்லுங்கக்கா."

அன்று அவனுக்கு அது பதினேழாவது இணைப்பு. தையல்காரம்மா வீட்டுக்குப் பழுதுபார்க்க எத்தனை முறை போயிருப்பான்! கை தானாக எழுதியது, புது எண்ணை அல்ல, அந்தப் பழைய எண்ணையே.

(அவனைக் குடிகாரனாக்கிப் பார்த்தேன், பழி போட வசதியாக இருந்திருக்கும். அடித்துவிட்டேன். நல்ல மனிதன்.)

4

ஐந்தாம் நாள் மணி அடித்தது.

"அம்மா இல்லீங்களா?"

"தம்பி, நீதானா! அம்மாவுக்கு வேற நம்பர்ப்பா, எழுதிக்கோ." வாத்தியார் மனைவி நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.



"இதே நம்பரைத்தாங்க போட்டேன்... அம்மா பேச வேணாம்னு சொல்லிட்டாங்களா?"

"ஐயோ, இல்லப்பா—"

வைத்துவிட்டான்.

மறுநாள் வாத்தியார் மனைவி கண் கலங்கிச் சொல்லித்தான் லைன்மேனுக்குத் தெரிந்தது.

5

இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் மகன் மறுபடி கூப்பிடுகிறான். ஆண்டவனை நம்புகிறவன்தான் நான். ஆனாலும் அவர் செய்யாததை அவர் பெயரில் எழுதக் கூச்சமாக இருந்தது. இன்னொன்றில் லைன்மேன் வாயே திறப்பதில்லை. அப்படியானால் மகன் உயிரோடிருக்கிறான் என்பதும் தையல்காரம்மாவுக்குத் தெரியாமல் போகும்.

நல்ல செய்தியைச் சொன்னால் தன் தவறையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இப்போது லைன்மேன் அவள் வாசலில் நிற்கிறான். உள்ளே தையல் மெஷின் சத்தம் நிற்கிறது.

"வாப்பா. ஏன் வெளியவே நிக்கிற?"

"அம்மா, உங்க பையன்..."

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. நீங்கள் முடியுங்கள். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே முடியுங்கள்.