ஜீவராணி ரொட்டி கட்டிக்கொண்டு போன பயணம்

வருகிறேன், ஆனால் அவர்கள் கையால் ஒரு பருக்கை கூடச் சாப்பிட மாட்டேன் என்று ஜீவராணி முதலிலேயே சொல்லிவிட்டாள். பெண் கொடுப்பதாக முடிவாகும் வரை பையன் வீட்டில் சாப்பிடக் கூடாது என்பது ஜீவராணி வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். தேத்தண்ணி குடிக்கலாமா என்பதில் மட்டும் ஆளுக்கொரு கருத்து உண்டு. சோறு என்றால் பேச்சே இல்லை. ஒரு வாய் சாப்பிட்டுவிட்டால் சம்மதம் சொன்னதாக அர்த்தம். அதற்குப் பிறகு யோசித்துச் சொல்கிறோம் என்று இழுக்க முடியாது.

இழுப்பதில் ஜீவராணி கெட்டிக்காரி. வினோஜனும் அவன் அம்மா ராக்காயியும் வெற்றிலைத் தட்டோடு இரண்டு முறை லயத்து வீட்டுக்கு வந்து போய்விட்டார்கள். இரண்டு முறையும் யோசித்துச் சொல்வதாகவே சொல்லி அனுப்பினாள். பையனிடம் குறை ஒன்றும் இல்லை. குடி இல்லை, முகம் பார்த்துப் பேசுகிறான், அம்மாவை வைத்துக் காப்பாற்றுகிறான். அவன் தொழில்தான் அவளைப் பயமுறுத்தியது. கித்துல்கலையில் சுற்றுலா வருகிறவர்களை ரப்பர் படகில் ஏற்றி, பாறைக்கும் பாறைக்கும் நடுவே ஆற்றில் இறக்கிக் கொண்டுபோகிறவன் அவன்.

"உசுர வச்சு வெளையாடுறவனுக்குப் பொண்ணக் குடுத்துட்டு, நான் தெனமும் போனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணுமா?" என்று மகளிடம் கேட்டாள். ஹட்டனில் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கும் சுதர்ஷினி எதிர்த்துப் பேசவில்லை. அம்மா சரி சொல்லாமல் எதுவும் செய்யப் போவதில்லை என்று மட்டும் சொன்னாள். அப்படிச் சொன்னதுதான் ஜீவராணிக்குப் பெரிய பாரமாகப் போயிற்று. மகள் சண்டை போட்டிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

இந்த நிலையில்தான் வினோஜன் சுதர்ஷினிக்குப் போன் செய்தான். அவன் வேலை செய்யும் இடத்தில் வருடத்துக்கு ஒருநாள் வீட்டு ஆட்களை அழைத்து வரலாமாம். காலையில் தோட்டத்துப் பாதைகளில் குவாட் பைக், பிறகு ஆற்றில் படகு, கடைசியில் சாப்பாடு. "அம்மா ஒருக்கா வந்து பாக்கட்டும். பாத்துட்டு வேணாம்னு சொன்னாலும் நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்," என்றானாம்.

வந்து குற்றம் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது என்று ஜீவராணி ஒப்புக்கொண்டாள். அங்கே சமைப்பதே ராக்காயிதான் என்று தெரிந்ததும் விடியற்காலையில் எழுந்து ரொட்டி சுட்டு, சம்பல் இடித்துக் கட்டினாள். அவள் கணவன் நல்லமுத்து தோட்டத்து பெக்டரியில் கொழுந்து வாட்டும் மேல்மாடியில் வேலை செய்கிறவர். பையன் வந்த முதல் நாளே மனதுக்குள் சம்மதம் சொல்லிவிட்டவர். சாப்பாட்டு விஷயத்தில் அவருக்கும் ஒரு வாதம் இருந்தது.

"அது கேம்ப்பு சாப்பாடு. அவங்க வீட்டுச் சாப்பாடு இல்லையே."

"யாரு கை ஆக்குதோ அவங்க வீட்டுச் சாப்பாடுதான்," என்றாள் ஜீவராணி. நல்லமுத்து ரொட்டிப் பொட்டலத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

ஹட்டனில் பஸ் ஏறி, கினிகத்தேனைக்குக் கொஞ்சம் முன்னால் இறங்கினார்கள். சேலை கட்டிக்கொண்டு வரக் கூடாது என்றதால் ஜீவராணி மகளுடைய சுடிதாரைப் போட்டிருந்தாள். அங்கே ஒரு தோட்டத்து எல்லையில் குவாட் பைக்குகளை நிறுத்தி வைத்துக்கொண்டு, எல்லோரும் நானா என்று அழைக்கும் ராசிக் காத்திருந்தார். பைக்குகள் அவருடையவை. நான்கு தடித்த சக்கரமும், நடுவில் ஒரு நீளமான சீட்டுமாக அந்த வண்டிகள் அசையாமல் நின்றன. ஆளுக்கொரு ஹெல்மெட்டைக் கொடுத்துவிட்டு, வலது கைப் பெருவிரலால் அழுத்தினால் வண்டி ஓடும், விட்டால் நிற்கும் என்று சொல்லிக் கொடுத்தார்.

"சாமான் பையை ஆபீஸ்ல வச்சிட்டுப் போங்க தங்கச்சி," என்றார்.

"இது என்கிட்டயே இருக்கட்டும் நானா," என்றாள் ஜீவராணி. ரொட்டியைப் பிறர் கையில் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை. இருபத்தைந்து வருடமாகக் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய், கொழுந்துக் கூடையைச் சுமந்த பழக்கத்தில், பையின் கயிற்றை ஹெல்மெட் போட்ட தலைக்கு மேலே போட்டு, பையை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டாள். கைகள் இரண்டும் சும்மா இருந்தன. மலையில் எத்தனையோ பள்ளம் மேடு ஏறி இறங்கியும் கூடை ஒருநாளும் விழுந்ததில்லை.

முன்னால் ராசிக் போனார். பின்னால் சுதர்ஷினி தனி வண்டியில். கடைசி வண்டியை நல்லமுத்து ஓட்ட, ஜீவராணி பின்னால் உட்கார்ந்தாள். அவர் ஓட்டியதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. ஒரு கல்லைப் பார்த்தால் நின்றார், தண்ணீர் ஓடினால் நின்றார், ஒரு நாய் குறுக்கே வருமோ என்று யோசித்தும் நின்றார். சுதர்ஷினி வளைவு தாண்டிக் காணாமலே போய்விட்டாள். ஜீவராணி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"எறங்குங்க. பின்னால வந்து உக்காருங்க."

"உனக்கு ஓட்டத் தெரியாதே."

"உங்களுக்கும் தெரியலையே."

பெருவிரலால் அழுத்தினாள். வண்டி ஒரு முறை துள்ளியது. நல்லமுத்து கண்ணை இறுக மூடி, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு முருகனைக் கூப்பிட்டார். முதல் வளைவில் கொஞ்சம் பயமாக இருந்தது. இரண்டாவது வளைவில் பயம் இல்லை. மேட்டில் ஏறும்போது வண்டி உறுமிய உறுமலில் அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம் ஓடியது. இத்தனை வருடமாகக் காலால் ஏறி முழங்கால் தேய்ந்த அதே மாதிரி மேடு, ஒரு விரல் அசைவில் கீழே போய்விடுகிறது. இதை எவனும் இத்தனை நாள் சொல்லவில்லையே என்று அவளுக்குக் கோபம் கூட வந்தது.

மேலே ஒரு மலையில், கங்காணியின் மேற்பார்வையில் பெண்கள் வரிசையாக நிரை பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். வண்டிச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார்கள். "அடியே, ஓட்டுறது பொம்பள," என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. ஜீவராணிக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு ஒரு கையைத் தூக்கி ஆட்டினாள். அந்த நேரம் பார்த்துப் பாதையில் ஒரு மேடு வந்தது. வண்டி எம்பிக் குதித்தது. நிரை முழுதும் சிரித்தது.

ராசிக் காத்திருந்த இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கிய பிறகுதான் முதுகு லேசாக இருப்பது தெரிந்தது. தலைமுடியிலும் தலைத்துணியிலும் பிடித்து நிற்கும் கயிறு, வழுவழு ஹெல்மெட்டில் எப்படி நிற்கும்? கொழுந்து எடுக்கிறவர்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். பை எந்தப் பள்ளத்தில் கிடக்கிறதோ, எந்த நாய்க்கு இன்று திருநாளோ.

"ரொட்டி போச்சா?" என்று நல்லமுத்து மெல்லக் கேட்டார். அவர் முகத்தில் கவலை இருந்ததா, நம்பிக்கை இருந்ததா என்று சொல்வது கஷ்டம்.

"பட்டினி கெடந்தா செத்துற மாட்டோம்," என்றாள் ஜீவராணி.

ராசிக்கின் வேன் அவர்களைக் கித்துல்கலையில் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் விட்டது. வினோஜன் கும்பிட்டு வரவேற்றான். உயிர்க்காப்பு ஜாக்கெட்டுகளை மாட்டிவிட்டு, ஒவ்வொரு வாரையும் இழுத்துப் பார்த்தான். நல்லமுத்துவின் வாரை மூன்று முறை இழுத்தான். ஜீவராணி ஒவ்வொன்றையும் கவனித்துக்கொண்டே நின்றாள். குற்றம் இன்னும் அகப்படவில்லை.

"நான் 'முன்னுக்கு'ன்னு சொன்னா எல்லாரும் ஒண்ணா துடுப்புப் போடணும்மா. நிரையில ஒருத்தி முந்திப் போனா கங்காணி ஏசுவாரே, அது மாதிரி. யாரும் முந்தக் கூடாது, பிந்தக் கூடாது," என்றான் வினோஜன்.

அது அவளுக்கு உடனே புரிந்தது. முன் வரிசையில் அவளும் நல்லமுத்துவும், பின்னால் சுதர்ஷினி, கடைசியில் வினோஜன். முதல் இறக்கத்தில் படகு மூக்குக் குப்புறப் போய் எழுந்தபோது முகத்தில் தண்ணீர் அறைந்தது. அவள் கத்துவாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவள் சிரித்தாள். சிரிப்பு நிற்கவே இல்லை. இரண்டாவது இறக்கத்தில், துடுப்பைப் போடாமல் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த கணவனைக் கங்காணி மாதிரியே ஏசினாள். சுதர்ஷினி அம்மாவை இப்படிப் பார்த்ததே இல்லை.

கடைசி இறக்கம்தான் பெரியது என்று வினோஜன் முன்பே சொல்லியிருந்தான். அதன் இரைச்சல் தூரத்திலிருந்தே கேட்டது. ஜீவராணி துடுப்பை இறுக்கிப் பிடித்து முன்னால் சாய்ந்து உட்கார்ந்தாள். ஆனால் படகு கரைப் பக்கம் திரும்பியது.

"மேல மழை போல. தண்ணி ஏறிருச்சு," என்றான் வினோஜன். "இதுல போக வேணாம். இங்கன எறங்கி நடந்தா கேம்ப்பு கிட்டத்தான்."

அதே நேரம் வேறொரு படகு அவர்களைத் தாண்டிப் போனது. கொழும்புப் பையன்கள் போல. கூச்சல் போட்டுக்கொண்டே நுரைக்குள் போய், கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் நனைந்த கோழிகளாக வெளியே வந்து கைகளைத் தூக்கினார்கள். ஜீவராணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவங்க போறாங்க. எங்கள மட்டும் எதுக்கு எறக்குற தம்பி? பயமா?"

"ஆமாம்மா. பயந்தான்."

இப்படி ஒரு பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. வினோஜன் ஆற்றின் நடுவே கையைக் காட்டினான். "அங்க ஒரு கல்லு இருக்கு. அதோட முதுகு வெளிய தெரிஞ்சா போவேன். தெரியலன்னா போக மாட்டேன். வெள்ளைக்காரங்க வந்தாலும் அதேதான். அவங்க போயிட்டு மொதலாளிகிட்ட சொல்லி, அவரு ஏசுவாரு. ஏசட்டும்."

"நான் போகச் சொன்னா?"

"நீங்க சொன்னாலும் மாட்டேன்."

ஜீவராணி திரும்பி அவனை நேராகப் பார்த்தாள். "போகலன்னா பொண்ணு இல்லன்னு சொன்னா?"

நல்லமுத்து துடுப்பைக் கீழே போட்டுவிட்டார். சுதர்ஷினி அம்மாவைப் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை, தண்ணீரையே பார்த்தாள். வினோஜன் அவளை ஒரு முறை பார்த்தான். பிறகு படகிலிருந்து இடுப்பளவு தண்ணீரில் குதித்து, படகைக் கரையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டான்.

"அப்பவும் கரையிலதாம்மா எறக்குவேன்," என்றான். "மெதுவா எறங்குங்க. கல்லு வழுக்கும்."

அவள் இறங்கினாள். கரையோரமாக விறுவிறுவென்று முன்னால் நடந்தாள். கோபம் என்று நினைத்து மற்ற மூவரும் பின்னால் தள்ளியே வந்தார்கள். கோபம் எப்போதோ போய்விட்டிருந்தது. அவள் குற்றம் பார்க்க வந்தாள். உயிரைப் பெரிதாக நினைக்காதவன் என்று நிரூபிக்க வந்தாள். கடைசியில் நுரைக்குள் குதிக்கத் துடித்தது அவள்தான். ஆசைப்பட்ட பெண் கிடைக்காமல் போனாலும் போகட்டும் என்று அவள் உயிரைக் கரையில் இறக்கிவிட்டவன் அவன். இவன் வேலைக்குப் போனால் மகள் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. இவன் திரும்பி வருவான். அதை நினைத்ததும் இரண்டு மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கிவிட்டது. பாரம் இறங்கிய இடத்தில் பயங்கரமான பசி வந்து உட்கார்ந்துகொண்டது.

கேம்ப்பில், தகரக் கூரைக்குக் கீழே நீளமான மேசையில் சோறு ஆவி பறந்துகொண்டிருந்தது. பலாக்காய்க் கறி, பருப்பு, கருவாட்டுக் குழம்பு, பொரித்த அப்பளம். ராக்காயி கையைத் துடைத்துக்கொண்டு வந்து கும்பிட்டாள். ரொட்டி போன கதை ராசிக் வழியாக அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. மேசையின் இந்தப் பக்கம் ஒரு சீப்பு கோழிக்கூட்டு வாழைப்பழமும், பிரிக்காத பிஸ்கட் பெட்டியும் தனியாக வைத்திருந்தாள்.

"கடையில ஆள் அனுப்பி வாங்குனதுங்க. என் கை படல," என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். "ஆத்துல அலைஞ்சிட்டுப் பசியோட இருக்கக் கூடாதுங்க. சங்கடப்படாம சாப்பிடுங்க."

தன் சமையலைச் சாப்பிட மாட்டாள் என்று தெரிந்தும் அவமானம் பார்க்காமல், விருந்தாளியின் வைராக்கியத்துக்கு ஒரு சீப்புப் பழம் வாங்கி வைத்த அந்தப் பெண்ணை ஜீவராணி கொஞ்ச நேரம் பார்த்தாள். அவளுக்குக் கண் கலங்கியது. ஆற்றுத் தண்ணீர் இன்னும் முகத்தில் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

நல்லமுத்து நல்ல பிள்ளையாக ஒரு பழத்தைப் பிய்த்தார். ஜீவராணி அதை அவர் கையிலிருந்து வாங்கிச் சீப்பின் மேலேயே வைத்தாள். நேரே சோறு இருந்த பக்கம் போய் ஒரு தட்டை எடுத்து நீட்டினாள்.

"பழம் அப்பறம் பாக்கலாம். மொதல்ல சோத்தப் போடுங்க சம்பந்தி. கருவாட்டுக் குழம்ப நல்லா ஊத்துங்க."

ராக்காயியின் கையில் அகப்பை அப்படியே நின்றது. சுதர்ஷினி வாயைப் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனாள். நல்லமுத்து மட்டும் ஒரு நொடி கூட வீணாக்காமல் இன்னொரு தட்டை எடுத்துக்கொண்டு மனைவிக்குப் பின்னால் வந்து நின்றார்.

ஜீவராணி முதல் வாயை மென்று விழுங்கினாள். வாசலில் ஈரம் சொட்ட நின்றுகொண்டிருந்த வினோஜனைப் பார்த்தாள்.

"அந்தக் கல்லு முதுகு தெரியுற அன்னைக்கு எனக்கு ஒரு போன் போடுங்க மாப்பிள்ள," என்றாள். "பெரட்டுக்குப் போகாம வந்துர்றேன்."